தையில் கல்யாணம், விதைப்பையில் கட்டி

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருக்கும் 28 வயது இளைஞர் எழுதியிருக்கிறார். பெயரைப் போட வேண்டாம், ஊரும் தொழிலும் தெரிந்தால் பரவாயில்லை என்கிறார். நான்கு பக்கக் கடிதம். சுருக்கிச் சொல்கிறேன்.

சித்திரை மாதம் பைக்கிலிருந்து விழுந்திருக்கிறார். அடுத்த வாரம் குளிக்கும்போது இடது விதை கோலிக்குண்டு போலக் கெட்டியாக இருப்பது கையில் பட்டது. வலி இல்லை. அடிபட்ட வீக்கம்தானே, வற்றிவிடும் என்று விட்டுவிட்டார். வற்றவில்லை. ஓதம் (விதைப்பையில் நீர் கோப்பது) என்று சொல்லி ஒருவர் கொடுத்த சூரணத்தை இரண்டு மாதம் சாப்பிட்டார். ஆவணியில் நிச்சயதார்த்தம் முடிந்தது, தையில் கல்யாணம். மார்புக் காம்புகள் தொட்டாலே வலிக்க ஆரம்பித்த பிறகுதான் டாக்டரிடம் போயிருக்கிறார். ஸ்கேனில் 4.5 செ.மீ. கட்டி. இந்தக் கட்டியைக் காட்டிக்கொடுக்கும் ரத்தப் பரிசோதனைகளில் ஏஎஃப்பி 860, பீட்டா ஹெச்சிஜி 1,200, இரண்டுமே இயல்பைவிட மிக அதிகம். "இது கர்ப்பிணிகளுக்கு எடுக்கிற டெஸ்ட் ஆச்சே" என்று லேப் பையன் சிரித்ததைத் தனியாக ஒரு பத்தி எழுதியிருக்கிறார். சிடி ஸ்கேனில் வயிற்றின் பின்பக்கம், பெருந்தமனியை ஒட்டி 3.2 செ.மீ. அளவுக்கு நெறி கட்டியிருக்கிறது. நுரையீரலில் ஒன்றும் இல்லை.

இப்போது வீட்டில் மூன்று கட்சி. விதைப்பையில் சின்னதாகக் கீறி ஒரு துண்டு எடுத்துப் பார்த்துவிட்டு அப்புறம் முடிவு செய்யலாம், எல்லாம் இங்கேயே முடியும் என்கிறார் உள்ளூர் டாக்டர். கத்தி பட்டால் பரவிவிடும், மூலிகையே போதும் என்பது பெரியப்பாவின் கட்சி. அக்கா வீட்டுக்காரர் சென்னைக்கு டிக்கெட் போடத் தயாராக நிற்கிறார். யார் சொல்வதைக் கேட்பது, குழந்தை பிறக்குமா, பெண் வீட்டாரிடம் சொல்ல வேண்டுமா என்பவை இவருடைய மூன்று கேள்விகள். கடைசி வரியில், "வயித்துக்குப் பரவிடுச்சுன்னா கடைசி ஸ்டேஜ்தானே சார், இவ்வளவு செலவு பண்ணணுமா?" என்று கேட்டிருக்கிறார்.

தம்பி, அந்தக் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். உங்களுக்கு வந்திருப்பது விதையில் வரும் புற்றுநோய் என்பதற்கு இந்த ரிப்போர்ட்டுகளே போதும். வயிற்று நெறிக்கட்டு வரை பரவியும் இருக்கிறது. ஆனால் மற்ற புற்றுநோய்களுக்குப் போடும் கணக்கை இதற்குப் போடாதீர்கள். இந்த நோயில் நான்காவது ஸ்டேஜ் என்ற ஒன்றே கிடையாது, மூன்றோடு முடிந்துவிடும். உங்களுடையது இரண்டு. பரவியவர்களைக் குணமாகும் வாய்ப்பை வைத்து இதில் மூன்று பிரிவாகப் பிரிப்போம்: நல்ல, நடுத்தர, கடினமான. நீங்கள் நல்ல பிரிவில் வருவீர்கள் போலத் தெரிகிறது. அறுவைக்குப் பிறகு எடுக்கும் ரத்த அளவை வைத்துத்தான் உறுதியாகச் சொல்ல முடியும். எல்டிஹெச் என்ற மூன்றாவது ரத்தப் பரிசோதனையை எடுத்ததாக நீங்கள் எழுதவில்லை, அதுவும் வேண்டும். நல்ல பிரிவில் இருப்பவர்கள், ஒழுங்காகச் சிகிச்சை எடுத்தால், நூற்றுக்கு 95 பேர் அளவில் ஐந்து ஆண்டு தாண்டியும் உயிரோடு இருக்கிறார்கள்.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1970களின் தொடக்கம் வரை, பரவிய பிறகு பிழைத்தவர்கள் பத்தில் ஒருவர் என்ற கணக்குதான். 1965இல் அமெரிக்காவில் பார்னெட் ரோசன்பெர்க் என்பவர் பாக்டீரியாவில் மின்சாரம் பாய்ச்சி வேறு எதையோ ஆராய்ந்துகொண்டிருந்தார். மின்முனையிலிருந்த பிளாட்டினம் கரைந்து, பாக்டீரியா பெருகுவதை நிறுத்தியது. அதிலிருந்து வந்த மருந்துதான் சிஸ்பிளாட்டின். 1974இல் இண்டியானா பல்கலைக்கழகத்தில் லாரன்ஸ் ஐன்ஹார்ன் அதை வேறு இரண்டு மருந்துகளோடு சேர்த்து விதைப் புற்றுநோய்க்குக் கொடுத்தார், கணக்கு தலைகீழானது. கல்யாண மோதிரத்துக்கு வாங்குகிறார்களே, அதே பிளாட்டினம்தான். உங்களுக்கு அது முதலில் டிரிப்ஸில் வரப்போகிறது.

பைக் விபத்தால் இது வரவில்லை. அடிபட்டதால் அந்த இடத்தில் கை போனது, கை போனதால் கட்டி தெரிந்தது, அவ்வளவுதான். பழைய 'தப்புப் பழக்கம்' காரணமா என்று ஓரத்தில் பென்சிலால் கேட்டிருக்கிறீர்கள். இல்லை, அதை மறந்துவிடுங்கள். ஒரு விஷயத்தை மட்டும் நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். பிறந்தபோது இடது விதை பைக்குள் இறங்கவில்லை, எட்டு வயதில் ஆபரேஷன் செய்து இறக்கினார்கள் என்று. எனக்கு முக்கியமாகப் படுவது அதுதான். இறங்காத விதையில் இந்தப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு. (இதைப் படிக்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை: குழந்தைக்கு ஆறு மாதமாகியும் விதை இறங்கவில்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்கள். ஒன்றரை வயதுக்குள் சரி செய்வது நல்லது. 'வளர வளர இறங்கும்' என்று பள்ளிக்கூடம் போகும் வரை காத்திருக்க வேண்டாம்.)

லேப் பையனின் சிரிப்புக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி சுரக்கும் அதே ஹெச்சிஜியை விதையில் வரும் சில கட்டிகளும் சுரக்கின்றன. மார்புக் காம்பில் வலி வந்ததற்கும் பெரும்பாலும் அதுவே காரணம். இந்த எண்கள்தான் இனி உங்கள் சிகிச்சைக்குக் காவல்காரர்கள், அந்தச் சீட்டைத் தொலைத்துவிடாதீர்கள். ஏஎஃப்பி ஏறியிருப்பதிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. செமினோமா என்ற வகை மட்டுமே இருந்தால் ஏஎஃப்பி ஏறாது. ஆகவே, உங்களுடையது செமினோமா அல்லாத வகை, அல்லது கலப்பு வகை.

பையைக் கீற வேண்டாம்

உங்கள் டாக்டர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். மார்பிலோ கழுத்திலோ கட்டி என்றால் துண்டு எடுத்துப் பார்ப்பதுதான் முறை. விதைக்கு அந்த முறை பொருந்தாது. கரு வளரும்போது விதை சிறுநீரகத்துக்குப் பக்கத்தில் உருவாகி, பிறகுதான் கீழே இறங்குகிறது. அதனால் அதன் நிணநீர் இன்றும் மேலே, வயிற்றின் பின்புறத்துக்கே போகிறது. உங்களுக்கு நெறி கட்டியிருப்பதும் அங்கேதான். விதைப்பையின் தோலிலிருந்து போகும் நிணநீர் தொடை இடுக்குக்குப் போகிறது. பையைக் கீறினாலோ ஊசி போட்டு உறிஞ்சினாலோ, நோய்க்கு இதுவரை இல்லாத ஒரு புதுப் பாதையை நாமே திறந்துவிட நேரலாம். எனவே அடிவயிற்றில், குடலிறக்கத்துக்குப் போடுவது போன்ற வெட்டு வழியாக, விதையை அதன் நாளத்தோடு முழுதாக எடுக்க வேண்டும். துண்டாக எடுக்கக் கூடாது.

பெரியப்பா சொல்வதில் இந்தக் கால் பங்கு உண்மை. தவறான இடத்தில் கத்தி பட்டால் சிக்கல் வரும். சரியான வழியில் முழுதாக எடுத்தால் பரவாது. எடுக்காமல் வைத்திருந்தால்தான் பரவும். இந்த நோய் சில வாரங்களிலேயே வளரும் வகை. மூலிகை பற்றி அவரோடு சண்டை வேண்டாம். ஆனால் சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும் மருந்து. அது ஏறும் காலத்தில் சூரணம், கஷாயம், பஸ்பம் எதையும் தொடாதீர்கள்.

அறுவைக்கு முந்தைய நாள் மூன்று ரத்தப் பரிசோதனையையும் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். ஒரு விதை போனால் ஆண்மை போய்விடும் என்ற பயம் கடிதம் முழுக்கத் தெரிகிறது. மற்றது நன்றாக இருந்தால் மீசை, தாடி, ஆசை, தாம்பத்தியம் எல்லாவற்றுக்கும் அது ஒன்றே போதும். பார்வைக்குக் குறையாகப் பட்டால் சிலிகோன் விதை பொருத்திக்கொள்ளலாம். அதற்கு அவசரமே இல்லை.

ஊரிலா, பெரிய ஆஸ்பத்திரியிலா?

என் பதில் இரண்டையும் பிரித்துக்கொள்வது. இடுக்கு வழியாக விதையை எடுக்கும் அறுவை பெரிய வித்தை இல்லை. அதைச் சரியாகச் செய்யும் சிறுநீரகவியல் நிபுணர் திருப்பூரிலோ கோவையிலோ உங்களுக்குக் கிடைப்பார். சென்னையில் தேதி கிடைக்க வாரக்கணக்கில் ஆகும் என்றால் இங்கேயே முடித்துக்கொண்டு கிளம்புங்கள். அதற்குப் பிறகு வரும் கீமோவும், ஒருவேளை தேவைப்படும் இரண்டாவது அறுவையும், இந்த நோயைத் தொடர்ந்து பார்க்கும் இடத்தில்தான் நடக்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஏன் என்று சொல்கிறேன். இந்தியாவில் இது அபூர்வ நோய். மார்பகப் புற்றுநோய்க்கு மாதம் ஐம்பது பேரைப் பார்க்கும் டாக்டர்கூட இதை வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோதான் பார்த்திருப்பார். ஐரோப்பாவில் கடினமான பிரிவு நோயாளிகளை வைத்து நடந்த ஓர் ஆய்வின் முடிவு 1999இல் வந்தது. அந்த ஆய்வுக்கு ஐந்து பேருக்கும் குறைவாக அனுப்பிய ஆஸ்பத்திரிகளில் பிழைத்தவர்கள் குறைவு. மருந்து எல்லா இடத்திலும் அதேதான். நீங்கள் அந்தப் பிரிவில் இல்லை, ஆனாலும் காரணம் பொதுவானது.

கீமோவை எடுத்துக்கொள்ளுங்கள். பிளியோமைசின், எட்டோபோசைட், சிஸ்பிளாட்டின் என்ற மூன்று மருந்துகள். 21 நாளுக்கு ஒரு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் முதல் ஐந்து நாள் தொடர்ந்து ஏறும், அப்புறம் வாரம் ஒருமுறை பிளியோமைசின் ஊசி. நல்ல பிரிவுக்கு மூன்று சுற்று, ஒன்பது வாரம். கேட்க எளிதாகத்தான் இருக்கும். ஆனால் பையன் வாடிவிட்டான் என்று டோஸைக் குறைப்பது, வெள்ளணு கொஞ்சம் இறங்கிவிட்டது என்று தேதியைத் தள்ளுவது, இடையில் தீபாவளி வருகிறது என்று ஒரு வாரம் விடுவது, இந்த மூன்றும் குணமாக வேண்டிய நோயைக் கெடுத்துவிடும். பழகிய டாக்டர்கள் இதில் பிடிவாதக்காரர்கள். அந்தப் பிடிவாதத்துக்காகத்தான் உங்களை ரயிலேறச் சொல்கிறேன்.

பிறகு, மூன்று சுற்று முடிந்து சிடி எடுக்கும்போது வருவது இன்னும் முக்கியம். ரத்த எண்கள் எல்லாம் இயல்புக்கு வந்திருக்கும், முடிகூட முளைக்கத் தொடங்கியிருக்கும். ஆனால் வயிற்றில் ஒரு செ.மீ.க்கு மேல் நெறி மிச்சம் இருந்தால், உங்கள் வகையில் அதை அறுத்து எடுக்க வேண்டும். அப்படி எடுத்ததில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வெறும் செத்த திசுதான் இருக்கும். பத்தில் ஒருவருக்கு உயிருள்ள புற்று இருக்கும். மீதிப் பேருக்கு டெரட்டோமா என்ற வகை. அது கீமோவுக்கு அசையாது, விட்டுவைத்தால் வளரும். யாருக்கு எது என்று ஸ்கேனைப் பார்த்துச் சொல்ல முடியாது. என் அனுபவத்தில் பல பையன்கள் இந்த இடத்தில்தான் காணாமல் போகிறார்கள். 'எல்லாம் நார்மல்னு சொல்லிட்டாங்க சார்' என்று வேலைக்குப் போய்விட்டு, இரண்டு வருஷம் கழித்து முதுகுவலியோடு வருவார்கள். பெருந்தமனியை ஒட்டி நடக்கும் இந்த அறுவையைச் செய்யக் கைப்பழக்கம் உள்ளவர்கள் சிலரே. ஆஸ்பத்திரியைத் தேர்ந்தெடுக்கும்போது, 'கீமோவுக்குப் பிறகு வயிற்று நெறியை எடுக்கும் ஆபரேஷன் இங்கே அடிக்கடி நடக்குமா?' என்று கேளுங்கள். கட்டடத்தின் பளபளப்பைவிட அந்தப் பதில் உங்களுக்கு உதவும்.

இடம் என்றால், அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டை உங்கள் அக்கா வீட்டுக்காரர் சொன்னதில் தவறில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் 12 படுக்கையோடு தொடங்கியது, டாக்டர் சாந்தா தன் வாழ்நாளையே கொடுத்து வளர்த்தது. வேலூர் சிஎம்சிக்கு, நீங்கள் ஏறும் அதே சென்னை ரயிலில் காட்பாடியில் இறங்கினால் போதும். புதுச்சேரி ஜிப்மரும் இருக்கிறது. எங்கே போனாலும் ஸ்லைடை மட்டும் கொண்டுபோகாமல், எடுத்த விதையின் திசுவை மெழுகில் பதித்து வைத்திருக்கும் பிளாக்கையும் உள்ளூர் லேபில் கேட்டு வாங்கிப் போங்கள். அங்குள்ள நோயியல் நிபுணர் மறுபடி பார்ப்பார். பிளாக் இல்லை என்று திருப்பி அனுப்பி, ஒரு வாரம் வீணானவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கீமோ காலத்தில் இரண்டு விஷயம். தினம் ஐந்து சிகரெட் என்று எழுதியிருக்கிறீர்கள். பிளியோமைசின் நுரையீரலைத் தொடும் மருந்து, எனவே இன்றோடு நிறுத்துங்கள். இனி வாழ்நாளில் எந்த ஆபரேஷன் நடந்தாலும் மயக்க மருந்து டாக்டரிடம் 'பிளியோமைசின் போட்டிருக்கேன்' என்று முதலிலேயே சொல்லுங்கள். இன்னொன்று காய்ச்சல். 100.4 டிகிரி தாண்டினால் பாராசிட்டமால் போட்டுப் படுக்காமல், நடுராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வெள்ளணு இறங்கியிருக்கும் நாட்களில் சாதாரணக் கிருமியே ஆளைச் சாய்த்துவிடும். காதில் ரீங்காரம், விரல் மரத்துப்போவது, குமட்டல், மொட்டைத் தலை எல்லாம் வரும். வந்தால் சொல்லுங்கள், மறைக்காதீர்கள்.

குழந்தை

இந்த வாரமே செய்ய வேண்டியது இது, முடிந்தால் அறுவைக்கு முன்பே. கருத்தரிப்பு மையம் ஒன்றுக்குப் போய் விந்தை உறைய வைத்துச் சேமியுங்கள். இரண்டு மூன்று நாள் இடைவெளியில் இரண்டு தடவை கொடுத்தாலே நல்ல கையிருப்பு. இந்த நோய் வந்தவர்களில் பலருக்குச் சிகிச்சைக்கு முன்பே எண்ணிக்கை குறைவாகத்தான் இருக்கும், அதைப் பார்த்து மனம் உடையாதீர்கள். ஒரு முட்டைக்குள் ஓர் அணுவைச் செலுத்தும் இக்சி முறைக்குச் சில அணுக்களே போதும். கீமோவில் எண்ணிக்கை பூஜ்யம் வரைக்கும் இறங்கலாம். மூன்று சுற்றோடு நின்றவர்களில் பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று வருஷத்தில் திரும்பி வந்துவிடும். சிலருக்கு வராது. வயிற்று அறுவையில் நரம்பு பாதிக்கப்பட்டால் விந்து வெளியே வராமல் பின்னோக்கிப் போகவும் செய்யும். சேமிப்பு இருந்தால் இந்த மூன்று கவலையும் பாதியாகும். கீமோ முடிந்து ஒரு வருஷமாவது கருத்தரிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சைக்கிள் வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்குக்கு 1996இல் இதே நோய் நுரையீரல், மூளை வரை பரவியிருந்தது. கீமோவுக்கு முன் சேமித்ததில் பிறந்தவர்கள் முதல் மூன்று பிள்ளைகள். பிறகு இரண்டு பேர் இயற்கையாகவே பிறந்தார்கள். (அவருடைய பட்டங்கள் பறிபோனது ஊக்கமருந்தால். அது வேறு கதை.)

செலவு

உங்கள் சம்பளம் 19,000, இஎஸ்ஐ ஆறு வருஷமாகப் பிடிக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தின் வருமான வரம்பு வருஷத்துக்கு 1,20,000 ரூபாய். நீங்கள் அதைத் தாண்டுகிறீர்கள், அந்தப் பக்கம் அலைய வேண்டாம். உங்களுக்கு வழி இஎஸ்ஐ. முதலில் இஎஸ்ஐ ஆஸ்பத்திரியில் காட்டி, மேல்சிகிச்சைக்குப் பரிந்துரைக் கடிதம் வாங்குங்கள். எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள் என்று கேட்டுவிட்டு இடத்தை முடிவு செய்யுங்கள். கடிதம் இல்லாமல் செலவு செய்துவிட்டுப் பிறகு பில்லோடு போனால் இழுத்தடிப்புதான். வேலைக்குப் போகாத மாதங்களைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை. புற்றுநோய்க்கு நீட்டிக்கப்பட்ட நோய்க்காலப் பலன் என்று ஒன்று உண்டு. இரண்டு வருஷத் தொடர் வேலையும் பிடித்தமும் இருந்தால், சம்பளத்தில் 80 சதவீதம், இரண்டு வருஷம் வரை. கம்பெனி ஹெச்ஆருக்கே இது தெரியாமல் இருக்கலாம், கிளை அலுவலகத்தில் நேரில் கேளுங்கள்.

பெண் வீட்டாரிடம்

சொல்லிவிடுங்கள். முதலில் அந்தப் பெண்ணிடம், நீங்களே, தரகர் வழியாக அல்ல. 'குடலிறக்க ஆபரேஷன்' என்று சொல்லிவிடலாம் என்று அம்மா யோசிப்பது புரிகிறது. ஆனால் மூன்று மாதம் மொட்டைத் தலையோடு இருப்பவர் எதை மறைக்க முடியும்? முக்கியமான உண்மையை மறைத்துச் சம்மதம் வாங்கிய கல்யாணத்தை ரத்து செய்யக் கேட்க இந்துத் திருமணச் சட்டம் 12ஆம் பிரிவில் இடம் இருக்கிறது. அந்த அளவுக்குப் போகாவிட்டாலும், வாழ்க்கையைப் பொய்யில் தொடங்க வேண்டியதில்லை. அவர்கள் வேண்டாம் என்று சொல்லலாம். அந்த உரிமை அவர்களுக்கு இருக்கிறது. நோய் தொற்றுமா, ஆயுசு எவ்வளவு என்று கேட்பார்கள். அந்தப் பெண்ணையும் அவருடைய அப்பாவையும் ஒருநாள் ஓபிக்கு அழைத்துப் போய் டாக்டரிடமே கேட்கச் சொல்லுங்கள். அப்படி வந்து கேட்டுவிட்டு, முகூர்த்தத்தை மட்டும் தள்ளிவைத்த குடும்பங்கள் எனக்குத் தெரியும்.

எப்படியும் தையில் முடியாது. இது புரட்டாசி. இந்த மாதமே அறுவை முடிந்து ஐப்பசித் தொடக்கத்தில் கீமோ ஆரம்பித்தால் மார்கழியில் முடியும். அதற்கு ஒரு மாதம் கழித்து ஸ்கேன், வயிற்று அறுவை தேவைப்பட்டால் தையிலோ மாசியிலோ. மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்திருந்தால் ஆவணிக்கு மாற்றிக் கேளுங்கள்.

விதையை எடுத்த பிறகு ஏஎஃப்பி ஐந்து முதல் ஏழு நாளுக்கு ஒருமுறை பாதியாக வேண்டும், ஹெச்சிஜி ஒன்றரை நாளுக்குள்ளேயே. வயிற்றில் நெறி இருப்பதால் உங்களுக்கு முழுதாக இறங்காது, பயப்படாதீர்கள். ஆனால் ஏறினால் காத்திருக்கக் கூடாது. அறுவை முடிந்து ஒரு வாரம் கழித்து வரும் எண்களையும் எடுத்த தேதியையும் எனக்கு எழுதுங்கள்.